சிறுவர் சபையில் எமது பிள்ளைக்கும் ஓர் இடம்



சென்ற பாடங்களில் பெரியவர்களின் அமைப்புக்களைப் பற்றிப் பார்த்தோம். இம்முறை பாடம் பிள்ளைகளைப் பற்றியது. ஒன்பதாம் பத்தாம் ஆண்டிலிருந்து உயர்தரம் வரை படிக்கும் மாணவர்கள் தாம் வாழும் ஊரின் நிர்வாகத்தோடு பேசலாமா? பேசினால் யாராவது கேட்பார்களா? இடம்பெயர்ந்து வந்து, பிறர் காணியிலோ நலன்புரி நிலையத்திலோ மீள்குடியேற்றக் காணியிலோ வாழ்கின்ற எமது பிள்ளைகளுக்கு அங்கே என்ன இடம்? இவையே இன்றைய கேள்விகள்.

"பிள்ளை படித்தால் போதும், சபையும் வேண்டாம் சோலியும் வேண்டாம்" என்று சொல்லும் பெற்றோர் பலர். அதற்குக் காரணம் உண்டு. போர்க்காலத்தில் பிள்ளையின் பெயர் எந்தப் பட்டியலில் ஏறினாலும் தாய்க்கு நெஞ்சு பதறியது. அந்தப் பயத்தை எவரும் இலேசாக எண்ணக் கூடாது. ஆகவே அந்தப் பயத்தையும் சேர்த்தே இந்தப் பாடத்தைப் படிப்போம்.

1. வாக்கு ஓரிடம், வாழ்வு ஓரிடம்

சாவகச்சேரிப் பகுதியில் இரண்டு உள்ளூராட்சிச் சபைகள் உள்ளன. பட்டினத்தை நகரசபை பார்க்கிறது. சுற்றியுள்ள கிராமங்களைப் பிரதேச சபை பார்க்கிறது. வீதி, வடிகால், குப்பை, தெருவிளக்கு, சந்தை, நூலகம், விளையாட்டு மைதானம் முதலியன இவற்றின் பொறுப்பு. இவற்றுக்கு உறுப்பினரைத் தெரிவு செய்வோர் அந்த எல்லைக்குள் வாக்காளராகப் பதிந்தவர்கள்.

இங்கேதான் எமது சிக்கல் தொடங்குகிறது. இடம்பெயர்ந்த குடும்பம் தன் பதிவைச் சொந்த ஊரிலேயே வைத்திருக்க விரும்புவது இயல்பு. அதை விட்டால் காணியையும் விட்டதாகிவிடுமோ என்ற எண்ணம் ஒரு காரணம். இடம்பெயர்ந்தோர் முன்னைய முகவரியில் பதிவதற்கு 2013 ஆம் ஆண்டில் ஒரு சிறப்பு ஏற்பாட்டுச் சட்டமும் கொண்டுவரப்பட்டது. அந்த உரிமை அவசியமானது. ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். வாக்கு வலிகாமம் வடக்கில் இருக்கிறது. மழைவெள்ளம் புகுவதோ தென்மராட்சியில் உள்ள குடிசைக்குள். இங்குள்ள உறுப்பினர் எமது வாக்கை எதிர்பார்ப்பதில்லை. அங்குள்ள உறுப்பினர் இங்குள்ள வாய்க்காலை வெட்டுவதற்கு அதிகாரம் உள்ளவர் அல்லர்.

பிள்ளைகளின் அமைப்புக்கள் வேறு வகையானவை. சிறுவர் கழகம் கிராம அலுவலர் பிரிவில் வாழும் பிள்ளைகளைக் கொண்டது. மாணவர் பாராளுமன்றம் அந்தப் பாடசாலையில் படிக்கும் மாணவர்களைக் கொண்டது. இரண்டிலும் வாக்காளர் இடாப்பு பார்க்கப்படுவதில்லை. எங்கே வாழ்கிறாய், எங்கே படிக்கிறாய் என்பதே அங்கு கேள்வி. பெற்றோருக்கு இல்லாத ஓர் இடம் பிள்ளைக்கு அங்கே இருக்கிறது. இந்தப் பாடத்தின் மையக் கருத்து இதுதான்.

2. எமது மண்ணில் முன்பு நடந்தது

மாணவர்கள் பொதுக்காரியங்களில் ஈடுபடுவது யாழ்ப்பாணத்துக்குப் புதியதல்ல. 1924 ஆம் ஆண்டில் மாணவர் காங்கிரஸ் என்ற அமைப்பு இங்கே தோன்றியது. ஹண்டி பேரின்பநாயகம் அதன் முன்னோடி. இளம் ஆசிரியர்களும் மாணவர்களும் அதில் சேர்ந்தனர். பின்னர் அது வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. தீண்டாமை ஒழிய வேண்டும், தாய்மொழிக்கு மதிப்பு வேண்டும், நாட்டுக்கு முழுச் சுயாட்சி வேண்டும் என்பன அவர்களுடைய கோரிக்கைகள். 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தபோது வரவேற்பில் முன்னின்றவர்கள் இவர்களே. பாடசாலையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக ஒரே வாங்கில் இருக்க வேண்டும் என்ற போராட்டத்திலும் இவர்கள் ஒதுக்கப்பட்டோர் பக்கம் நின்றார்கள்.

1931 இல் டொனமூர் அரசியல் திட்டத்தின்கீழ் நடந்த முதலாவது அரசாங்க சபைத் தேர்தலைப் புறக்கணிக்குமாறு அவர்கள் கேட்டார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் எவரும் வேட்பு மனுத் தாக்கல் செய்யவில்லை. 1934 இல் இடைத்தேர்தல் நடக்கும்வரை அந்த ஆசனங்கள் வெறுமையாகவே கிடந்தன. புறக்கணிப்பு சரியா பிழையா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். எமக்கு இதில் இரண்டு படிப்பினைகள் உண்டு. இளையோர் ஒன்றுசேர்ந்தால் மூத்தோரையும் அசைக்க முடியும் என்பது ஒன்று. எமது ஆசனம் வெறுமையாக இருக்கும்போதும் தீர்மானங்கள் எடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும் என்பது மற்றொன்று.

3. இன்றுள்ள சட்டமும் அமைப்பும்

ஐக்கிய நாடுகள் சபை 1989 நவம்பர் 20 ஆம் திகதி சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. இலங்கை 1991 யூலையில் அதனை உறுதிப்படுத்தியது. 18 வயதுக்கு உட்பட்டோர் எல்லோரும் அதன்படி சிறுவரே. தன்னைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்றும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு மதிப்பளிக்க வேண்டும் என்றும் அதன் 12 ஆவது உறுப்புரை கூறுகிறது. ஒன்றுகூடவும் சங்கம் அமைக்கவும் பிள்ளைக்குள்ள உரிமையை 15 ஆவது உறுப்புரை கூறுகிறது.

நமது நாட்டில் மூன்று வழிகள் திறந்திருக்கின்றன.

(அ) சிறுவர் கழகமும் சிறுவர் சபையும்: நன்னடத்தை சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தின் வழிகாட்டலில் கிராமங்களில் கழகங்கள் உள்ளன. அவற்றின் பிரதிநிதிகள் பிரதேச, மாவட்ட மட்டச் சபைகளுக்குச் செல்கிறார்கள். பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் விபரம் கேட்கலாம்.

(ஆ) மாணவர் பாராளுமன்றம்: பாடசாலையில் மாணவர்கள் வாக்களித்துத் தமது பிரதிநிதிகளைத் தெரிவு செய்கிறார்கள்.

(இ) இளைஞர் கழகம்: 1979 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின்கீழ் இயங்குவது. 13 முதல் 29 வயது வரையானோர் சேரலாம். பிரதேச, மாவட்ட, தேசிய சம்மேளனங்களும் உண்டு.

இவற்றில் எதற்கும் நகரசபைக்குக் கட்டளையிடும் அதிகாரம் இல்லை. கோரிக்கை வைக்கலாம், விளக்கம் கேட்கலாம், பின்தொடரலாம். அதிகாரம் இல்லாத குரல் வீண் என்று நினைக்க வேண்டாம். கணக்கோடும் ஒழுங்கோடும் திரும்பத் திரும்ப வருகின்ற கோரிக்கையைத் தட்டிக்கழிப்பது எந்தச் சபைக்கும் கடினம்.

4. மற்ற ஊர்களில் எப்படி?

பிரான்ஸ் நாட்டின் ஷில்டிகைம் என்னும் சிறு நகரில் 1979 இல், சர்வதேச சிறுவர் ஆண்டில், பிள்ளைகளுக்கான நகரசபை ஒன்று தொடங்கப்பட்டது. அந்த நாட்டின் வேறு பல நகரங்களும் பின்னர் அதைப் பின்பற்றின.

தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் எட்வின் ஜோன் அடிகளாரின் முயற்சியால் அயலகச் சிறுவர் பாராளுமன்றங்கள் உருவாகின. அதன் முறை எளிமையானது. ஏறத்தாழ 30 பிள்ளைகள் கொண்ட சிறு அயலுக்கு ஒரு பாராளுமன்றம். பிரதமர் முதல் சுகாதாரம், கல்வி, சுற்றாடல் அமைச்சர் வரை பிள்ளைகளே. சிறு குழுவாக இருப்பதால் வாய் திறக்காத பிள்ளைக்கும் ஒரு பொறுப்புக் கிடைக்கிறது. அங்கிருந்து கிராமத்துக்கும் அதற்கு மேலும் பிரதிநிதிகள் போகிறார்கள். பெரிய சபையில் பேச்சுப் போட்டியில் வென்ற பிள்ளையே பேசும். 30 பேர் கொண்ட வட்டத்திலோ கூச்சமுள்ள பிள்ளையும் பேசப் பழகும். இந்த வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும்.

5. ஏணியில் எத்தனையாவது படி?

றோஜர் ஹார்ட் என்ற அறிஞர் 1992 இல் யுனிசெவ் வெளியிட்ட நூலொன்றில் சிறுவர் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். கீழேயுள்ள மூன்று படிகளும் பங்கேற்பே அல்ல என்றார். முதலாவது, பெரியவர் எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை வாசிப்பது. இரண்டாவது, பிள்ளையை அலங்காரத்துக்கு நிறுத்துவது. மூன்றாவது, பெயருக்கு ஓர் ஆசனம் கொடுத்துவிட்டுப் பேச்சைக் கேளாதிருப்பது.

விருந்தினருக்கு மாலை போடவும் வரவேற்பு நடனம் ஆடவும் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தும் விழாக்கள் நமக்குப் பழக்கமானவை. அது எந்தப் படி என்று சொல்லத் தேவையில்லை. மேல்படிகளில் பிள்ளைகளுக்கு விடயம் முன்கூட்டியே விளக்கப்படும், அவர்கள் சொன்னது குறிக்கப்படும், முடிவு என்ன என்பது அவர்களுக்குத் திரும்பச் சொல்லப்படும். கடைசியாகச் சொன்னதே முக்கியம். பதில் வராத சபைக்குப் பிள்ளை மூன்றாம் முறை போகாது.

6. யாருடைய பிள்ளை போகிறது?

வகுப்பில் முதலாம் பிள்ளை, மாணவ முதல்வர், நன்றாக உடுத்து வரும் பிள்ளை ஆகியோரே பெரும்பாலும் இத்தகைய சபைகளுக்குத் தெரிவாகிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. ஆனால் நலன்புரி நிலையத்தில் மலசலகூடத்துக்கு வரிசையில் நிற்பது எப்படியென்று அவர்களுக்குத் தெரியாது. விடியற்காலையில் தகப்பனோடு தோட்டத்துக்கு இறைத்துவிட்டுப் பாடசாலைக்கு ஓடி வரும் பிள்ளைக்கே அது தெரியும். காணியில்லாதவர்களும் சாதியால் ஒதுக்கப்பட்டவர்களுமே நீண்ட காலம் முகாம்களில் தங்க நேர்ந்தது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

தென்மராட்சி இதனை விளங்கிக்கொள்ளக்கூடிய மண். 1990 ஒக்ரோபரில் சாவகச்சேரியின் முஸ்லிம் மக்கள் தம் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் செம்மணி வழியாகவும் நாவற்குழிப் பாலத்தாலும் இங்கே வந்தார்கள். பாடசாலைகளும் கோயில்களும் மரநிழல்களும் அவர்களுக்கு வீடாயின. 2000 ஆம் ஆண்டில் இந்தப் பட்டினமே போரில் அழிந்தது. வந்தோருக்கு இடம் கொடுத்தவர்கள் தாமே மூட்டை கட்டினார்கள். அகதி என்ற சொல்லின் கனம் இங்கு இரு பக்கத்தாருக்கும் தெரியும்.

ஆகவே ஊர்ச் சங்கங்களிடமும் பாடசாலையிடமும் நாம் இவற்றைக் கேட்கலாம்:

• இடம்பெயர்ந்த குடும்பப் பிள்ளைகளுக்குக் கழக நிர்வாகத்தில் நிச்சயமான இடங்கள்.
• ஆண், பெண் சம எண்ணிக்கை. வலது குறைந்த பிள்ளைகளுக்கும் இடம்.
• கூட்டம் பகலில், வார இறுதியில். சாதாரண தர, உயர்தரப் பரீட்சைக் காலத்தில் கூட்டமில்லை.
• பெற்றோரின் சம்மதம். கூட்டத்தில் ஓர் ஆசிரியரும் ஒரு தாயும் உடனிருத்தல்.
• பிள்ளைகளின் பெயரும் படமும் எந்தக் கட்சிக்கும், எந்த விளம்பரத்துக்கும் கொடுக்கப்படாது என்ற உறுதி.
• பிரயாணச் செலவு. பஸ்ஸுக்குக் காசில்லாத பிள்ளையின் ஆசனம் இரண்டாம் மாதமே வெறுமையாகிவிடும்.

ஐந்தாவது விடயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பெற்றோரின் பழைய பயத்துக்கு நாம் கொடுக்கக்கூடிய நேர்மையான பதில் அதுவே.

7. எந்தக் கதவைத் தட்டுவது?

பிழையான கதவைத் தட்டுவதால் பல கோரிக்கைகள் வீணாகின்றன. பிள்ளைகள் முதலில் இதைக் கற்க வேண்டும்.

உள்வீதி, தெருவிளக்கு, வடிகால், குப்பை: நகரசபை அல்லது பிரதேச சபை.
ஆசிரியர் பற்றாக்குறை: தென்மராட்சி வலயக் கல்வி அலுவலகம்.
சிறு குளம், வயல் வாய்க்கால்: கமநல சேவை நிலையமும் கமக்காரர் அமைப்பும்.
காணி, மீள்குடியேற்றம்: பிரதேச செயலகம், மாவட்டச் செயலகம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். பெண்பிள்ளைகள் மாலை வகுப்பு முடிந்து வரும் ஒழுங்கை இருட்டாக இருக்கிறது. "வெளிச்சம் இல்லை, உதவி செய்யவும்" என்று எழுதினால் அது முறைப்பாடு. பிள்ளைகள் நாலைந்து பேராக ஒரு பின்னேரம் நடந்து, மின்கம்பங்களை எண்ணி, எரிபவை எத்தனை எரியாதவை எத்தனை என்று குறித்து, கம்ப இலக்கங்களை எழுதி, அவ்வழியால் எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்று கணக்கெடுத்து, ஒரு வரைபடத்தோடு கொடுத்தால் அது திட்டம். கடிதத்தின் பிரதியைக் கழகக் கோப்பில் வைக்க வேண்டும். கொடுத்த திகதியையும் பெற்றவரின் கையொப்பத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பதில் வராவிட்டால் அடுத்த வழியும் உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பிரஜைகள் பகிரங்க அதிகாரசபைகளிடம் தகவல் கோரலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது முடிவை அறிவிக்க வேண்டும். பிள்ளைகளின் சார்பில் பெற்றோர் ஒருவர் அந்த விண்ணப்பத்தில் கையொப்பமிடலாம். இங்கே பிள்ளையும் பெற்றோரும் ஒரே வேலையின் இரு கைகளாகிறார்கள்.

விளக்கு எரிய ஆறு மாதம் ஆகலாம். எரியாமலும் விடலாம். ஆனால் எண்ணவும், எழுதவும், மரியாதையோடு கேள்வி கேட்கவும், மற்றவர் சொல்வதைக் கேட்கவும் பழகிய பிள்ளை, நாளை எந்த ஊரில் குடியேறினாலும் அந்தப் பழக்கத்தைக் கொண்டுபோகும். சொந்த ஊரின் வேலி திறக்கும் நாளில் அங்கே வீதி எங்கே, கிணறு எங்கே, பாடசாலை எங்கே என்று திட்டமிட இத்தகைய பிள்ளைகள் தேவைப்படுவார்கள்.

குழுவில் கலந்துரையாடுவதற்கு

1. எமது கிராம அலுவலர் பிரிவில் சிறுவர் கழகம் இயங்குகிறதா? அதன் தலைவரும் செயலாளரும் எந்தக் குடும்பங்களின் பிள்ளைகள்?
2. பிள்ளையை அனுப்ப எமக்குள்ள பயங்கள் எவை? அவற்றில் எவற்றை ஒழுங்குவிதிகளால் தீர்க்கலாம்?
3. கடைசியாக எமது பிள்ளைகள் கலந்துகொண்ட பொது நிகழ்ச்சி ஏணியின் எந்தப் படியில் இருந்தது?
4. எமது வாக்கு எந்தச் சபைக்கு உரியது? எமது அன்றாடத் தேவை எந்தச் சபைக்கு உரியது?

செய்து பார்க்க

அடுத்த கூட்டத்துக்கு முன்னர், வீட்டிலுள்ள பிள்ளையிடம் "இந்த ஊரில் எதை முதலில் மாற்றுவாய்?" என்று கேளுங்கள். இடையில் குறுக்கிடாமல் கேட்டு, பிள்ளை சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள். குழுவில் எல்லாவற்றையும் வாசித்து, ஒன்றைத் தெரிந்து, அது எந்தக் கதவுக்கு உரியதென்று முடிவு செய்யுங்கள்.