பெரும்பரிசும் முகவரின் தரகும்

கேரள அரசின் லாட்டரிச் சீட்டுக்குப் பரிசு விழுந்தால், அதை விற்ற முகவருக்கும் ஒரு பங்கு உண்டு. இணையச் சூதாட்டத்திலோ நிலைமை நேர்மாறானது. அங்கே ஆள் சேர்த்துவிடும் முகவரின் தரகு, பெரும்பாலும் ஆடுவோர் தோற்ற பணத்திலிருந்தே வருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முகவர் சேர்த்தவர்கள் ஒரு திங்களில் 5,00,000 ரூபாய்க்குப் பந்தயம் கட்டி, 40,000 ரூபாய் தோற்றனர் என்று கொள்வோம். 30 விழுக்காடு தரகு 12,000 ரூபாய். அவர்களுள் ஒருவருக்கு, நாளுக்கு நாள் வளரும் ‘ஜாக்பாட்’ 5,00,000 ரூபாயும் விழுகிறது. அதைக் கழித்தால் 4,60,000 ரூபாய் பற்று, தரகு இல்லை. சில ஒப்பந்தங்களில் அப்பற்று அடுத்த திங்களுக்கும் தொடரும்.

வேறு சில ஒப்பந்தங்களில் பரிசு கழிக்கப்படுவதில்லை. பந்தயப் பணத்தில் 100-க்கு 2 ரூபாய் பரிசு நிதிக்குப் போவதானால், 10,000 ரூபாய் மட்டுமே கழியும். தரகு 9,000 ரூபாய்.

இருவகையிலும் நண்பனின் வெற்றி முகவருக்கு ஒரு காசும் சேர்ப்பதில்லை. அவன் தோல்வியே வருவாய்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் வைத்தாடும் ஆட்டங்களை விளம்பரப்படுத்துவோருக்கு 2 ஆண்டு வரை சிறையோ, 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. பெங்களூரில் பயிலும் தோழர்களே, ‘நண்பரைச் சேர்த்தால் பணம்’ என்னும் அழைப்பு வந்தால், அது யார் பணம் என்று கேளுங்கள்.