எஞ்சின் எண்ணெயை அளக்கும் உணரி

நுழையும்முன்

ஓடும் வாகனத்தின் எஞ்சினுக்குள் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்பதை ஓட்டுநர் கண்ணால் காண இயலாது. அதை அறிந்து சொல்லும் சிறு மின்னணுக் கருவி ஒன்றின் அமைப்பையும் வரம்பையும் இப்பாடம் விளக்குகிறது.

இரவில் திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட்டுக்குக் காய்கறிச் சுமையுடன் லாரிகள் வந்து சேர்கின்றன. மூட்டைகள் இறங்கும் நேரத்தில் அனுபவமுள்ள ஓட்டுநர் எஞ்சினிலிருந்து அளவுக்கம்பியை உருவிக் கந்தைத்துணியால் துடைக்கிறார். மீண்டும் செருகி எடுத்து, எண்ணெய் எந்தக் கோட்டைத் தொடுகிறது எனப் பார்க்கிறார். கம்பியில் இரண்டே கோடுகள். கீழ்க்கோட்டுக்கும் வெகுவாகக் கீழே மட்டம் இறங்கினால் எண்ணெய்ப் பம்பு காற்றை உறிஞ்சும். தாங்கிகளில் எண்ணெய்ப்படலம் அறுந்து, உலோகத்தோடு உலோகம் உரசி எஞ்சின் இறுகிவிடும். வழியில் நிற்கும் லாரியோடு அதன் சுமையும் வாடும்.

ஓட்டுநரின் முன்னுள்ள எண்ணெய்க்குப்பி வடிவச் சிவப்பு விளக்கு இதை முன்கூட்டியே அறிவிக்காதா? பெரும்பாலான வாகனங்களில் அறிவிக்காது. அவ்விளக்கு காட்டுவது எண்ணெயின் அழுத்தத்தை, மட்டத்தை அன்று. அழுத்தம் குறைந்து விளக்கு எரியும்போது தாங்கிகள் தேயத் தொடங்கியிருக்கலாம். மட்டத்தை அளக்கத் தனி உணரி வேண்டும்.

எளிய உணரியை இரண்டு உலோகக் குழாய்களைக் கொண்டே அமைக்கலாம். ஒன்றனுள் ஒன்றைத் தொடாதவாறு நிறுத்தினால் அது ஒரு மின்தேக்கி. உட்குழாயின் வெளியாரம் 4 மி.மீ., வெளிக்குழாயின் உள்ளாரம் 5 மி.மீ., நீளம் 10 செ.மீ. எனக் கொள்வோம். இடைவெளியில் காற்று மட்டும் இருந்தால் மின்தேக்குத்திறன் ஏறத்தாழ 25 பிகோஃபாரட். எஞ்சின் எண்ணெயின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 2.2, ஆகவே எண்ணெய் முழுதும் நிரம்பினால் அது 55 ஆக உயரும். பாதி நிரம்பினால் 40. மட்டம் ஏற ஏற அளவும் சீராக ஏறுவதே இவ்வமைப்பின் அழகு.

இச்சிறு மாற்றத்தை அலையியற்றிச் சுற்று ஒன்று அதிர்வெண் மாற்றமாக்கித் தரும். மின்தேக்குத்திறன் கூடினால் அதிர்வெண் குறையும். ஆனால் உணரிக்கும் சுற்றுக்கும் இடையே ஒரு முழம் உறையிட்ட கம்பி இருந்தாலும், அக்கம்பியே உணரிக்கு நிகரான மின்தேக்குத்திறனைச் சேர்த்துவிடக்கூடும். எனவே சுற்றை உணரியின் தலையிலேயே பொருத்துவது நல்லது. எஞ்சினின் வெப்பத்தையும் அது தாங்க வேண்டும்.

உண்மையான இடர் அளப்பதில் இல்லை. எப்போது அளப்பது என்பதில்தான் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது எண்ணெயின் ஒரு பகுதி மேலே சுழன்றுகொண்டிருக்கும். அடித்தட்டில் மட்டம் தாழ்ந்தே தெரியும். நிறுத்திய பின் அது வடிந்து இறங்கச் சில நிமிடங்கள் ஆகும். ஆதலால் சாவி திரும்பியதும், எஞ்சின் உயிர்பெறுமுன் அளக்க வேண்டும். எஞ்சின் கடைசியாக எப்போது நின்றது என்பதையும் சுற்று நினைவில் வைத்திருக்க வேண்டும். சந்தைத் தெருவில் ஒருபக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கி நின்றாலோ எந்தக் கணக்கும் பிழைக்கும். இத்தொல்லை அளவுக்கம்பிக்கும் உண்டு.

எண்ணெயில் நீர் கலந்தாலும் உணரி ஏமாறும். நீரின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 80. சிறிதளவு கலந்தாலும் மட்டம் உயர்ந்தது போலத் தோன்றும். அளவு 55ஐக் கடந்தால் அதனை நிறைவின் அடையாளமாகக் கொள்ளாமல் ஐயத்தின் அடையாளமாகக் கொள்ளுமாறு சுற்றை அமைப்பதே முறை. மறுபுறம், எண்ணெயே இல்லாவிட்டாலும் அளவு 25க்குக் கீழே இறங்காது. இறங்கினால், உணரிக்குச் செல்லும் இணைப்பு அறுந்துவிட்டது என்று பொருள். அப்போது ஓட்டுநர் மீண்டும் கந்தைத்துணியைத் தேட வேண்டியதுதான்.