பிளேக்கின் ‘லண்டன்’: கவிதையை ஆராயப் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

வில்லியம் பிளேக்கின் ‘லண்டன்’ 1794-இல் வெளிவந்தது. பதினாறே அடிகள். தேர்வில் இதைப் பற்றிக் கேட்டால், “ஏழைகளின் துயரைக் கவிஞர் உருக்கமாகப் பாடுகிறார்” என்று எழுதி முடித்துவிடுகிறார்கள் பல மாணவர்கள். அது பாதி விடைகூட ஆகாது. பிளேக் குற்றம் சாட்டுகிறார். யார்மீது என்பதைக் கவிதைக்குள்ளிருந்தே காட்டுவதுதான் உங்கள் வேலை.

படி 1: வாய்விட்டுப் படியுங்கள்

பேசுபவர் தெருவில் நடக்கிறார். முதல் பத்தியில் முகங்களைப் பார்க்கிறார். இரண்டாவதிலிருந்து காதே முந்திக்கொள்கிறது. இரண்டாம் பத்தியின் முதல் மூன்று அடிகளுக்குள் ‘ஒவ்வொரு’ என்ற பொருள்தரும் சொல் 5 முறை வருகிறது. தப்பியவர் எவருமில்லை என்பதை அந்த அடுக்கே சொல்லிவிடுகிறது.

படி 2: கவிஞர் திருத்திய இடத்தைப் பாருங்கள்

தெருவையும் தேம்ஸ் நதியையும் பிளேக் தம் குறிப்பேட்டில் முதலில் ‘அழுக்கான’ என்றுதான் எழுதினார். பிறகு அதை அடித்துவிட்டு, ‘பட்டயம் போட்ட’ (அதாவது, அரசின் உரிமைச் சாசனத்துக்கு உட்பட்ட) என்று மாற்றினார். அழுக்கைக் கழுவிவிடலாம், பட்டயத்துக்கோ உரிமையாளர் உண்டு. பட்டயம் சிலருக்கு உரிமை தருவதாகச் சொல்லி மற்றவர்களின் உரிமையைப் பறிக்கிறது என்று அரசியல் எழுத்தாளர் தாமஸ் பெய்ன் 1792-இல் வாதிட்டிருந்தார். ஓடும் ஆற்றுக்கே பட்டயமா என்ற கோபம் இந்த ஒரு திருத்தத்தில் இருக்கிறது.

படி 3: ஒலி எங்கே போய் விழுகிறது?

மூன்றாம் பத்தியில் அதிக நேரம் செலவிடுங்கள். புகைபோக்கி துடைக்கும் சிறுவனின் அழுகை தேவாலயத்தைச் சென்று தாக்குகிறது. எட்டு வயதுக்குக் குறைந்தவர்களை இந்த வேலையில் சேர்க்கக் கூடாது என்று 1788-இல் சட்டம் வந்தும், அது சரியாக நடைமுறைக்கு வரவில்லை. போர்வீரனின் பெருமூச்சு அரண்மனைச் சுவரில் ரத்தமாக வழிகிறது. 1793 பிப்ரவரியிலிருந்து பிரான்ஸுடன் போர். இந்த நான்கு அடிகளின் முதலெழுத்துகளை மேலிருந்து கீழாகக் கூட்டினால், ‘கேள்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் கிடைக்கும்.

விடைத்தாளில் இப்படி எழுதலாம்: “துன்பப்படுபவரின் குரல் காற்றில் கரைவதில்லை, அதற்குப் பொறுப்பான நிறுவனத்தின் சுவரில் கறையாகப் படிகிறது.”

படி 4: மனத்தின் விலங்கு

மனமே செய்துகொண்ட விலங்கைப் பற்றி இரண்டாம் பத்தி பேசுகிறது. ஏழைகள்மீதே பழிபோடுகிறாரா என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. அடுத்த பத்தியே தேவாலயத்தையும் அரண்மனையையும் நேராகச் சுட்டுகிறதே.

படி 5: நள்ளிரவுத் தெரு

கடைசிப் பத்தியில் ஓர் இளம் பாலியல் தொழிலாளியின் சாபம் பச்சிளங்குழந்தையையும் திருமணத்தையும் தொடுகிறது. பால்வினை நோயைக் குறிப்பதாகப் பலர் கொள்வர். திருமணத்தோடு பிண ஊர்தியை இணைத்தே கவிதை முடிகிறது.

படி 6: படத்தை விடாதீர்கள்

பிளேக் தொழில்முறைச் செதுக்கோவியர். கவிதையையும் படத்தையும் ஒரே தகட்டில் தாமே வடித்தார். ஊன்றுகோல் பிடித்த முதியவரை ஒரு குழந்தை அழைத்துச் செல்லும் காட்சி மேலே இருக்கிறது. வில்லியம் பிளேக் ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் அந்தத் தகட்டின் பிரதிகளை இலவசமாகப் பார்க்கலாம். பார்த்துவிட்டு எழுத உட்காருங்கள்.