வாயில் காத்த வீரர்

கோட்டைக்கு அகழியும் மதிலும் இருப்பினும், பகைவரின் நோக்கம் வாயிலின்மீதே செல்லும். கால்பந்தாட்டத்திலும் அத்தகைய வாயில் ஒன்று உண்டு. 24 அடி அகலமும் 8 அடி உயரமும் உடைய அதனைக் காக்கும் பொறுப்பு இலக்குக் காவலரைச் சாரும். கோல் போட்டவரை ஊர் கொண்டாடும். கோல் விழாமல் காத்தவரை எளிதில் மறந்துவிடும். அவர் ஒருமுறை தவறினாலோ, அத்தவறு பன்னாள் பேசப்படும். இவ்வரிய பணியில் புகழ் ஈட்டியவர் பீட்டர் தங்கராஜ்.

தங்கராஜ் 1935ஆம் ஆண்டு ஐதராபாத்தில் பிறந்தார். 1953இல் இந்தியப் படையில் சேர்ந்து, நீலகிரி மாவட்டத்து வெல்லிங்டனில் உள்ள சென்னைப் படைப்பிரிவின் பயிற்சி நிலையத்திற்காக ஆடினார். தொடக்கத்தில் அவர் முன்னணியில் நின்று கோல் போடும் ஆட்டக்காரராகவே விளங்கினார். பின்னர் முன்னணியை விட்டுப் பின்னே வந்து, இலக்கைக் காக்கும் பணியை மேற்கொண்டார். நெடிய உடலும் நீண்ட கைகளும் அப்பணிக்குப் பெரிதும் உதவின. அவர் இடம்பெற்ற படைக்குழு 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் டுராண்டு கோப்பையை வென்றது.

1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக் பந்தயங்களுக்குச் சென்ற இந்தியக் குழுவில் தங்கராஜும் ஒருவர். அங்கு இந்தியா ஆஸ்திரேலியாவை 4–2 என வென்று, இறுதியில் நான்காம் இடம் பெற்றது. 1958இல் ஆசியாவின் சிறந்த இலக்குக் காவலர் என்னும் சிறப்பு தங்கராஜைத் தேடி வந்தது.

1960ஆம் ஆண்டு ரோமாபுரி ஒலிம்பிக்கில் நிகழ்ந்த ஓர் ஆட்டம் புதுச்சேரி மாணவர்கள் சிறப்பாக நினைக்கத்தக்கது. நம் ஊரின் ஆட்சி 1954 நவம்பர் 1ஆம் நாள் பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவின் கைக்கு மாறியது; ஆயினும் அம்மாற்றம் சட்டப்படி நிறைவுற்றது 1962 ஆகஸ்டு 16ஆம் நாளில்தான். இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் இந்தியாவும் பிரான்சும் ஆடுகளத்தில் எதிரெதிரே நின்றன. பி. கே. பானர்ஜி கோல் போட, இந்தியா முந்தியது. ஆட்டம் முடிவை நெருங்கிய வேளையில் பிரான்சு அதனைச் சமன் செய்தது. வெற்றி கைநழுவினும், ஐரோப்பிய நாடொன்றுக்கு இந்தியா இளைத்ததன்று என்பதை உலகம் கண்டது.

தங்கராஜின் உறுதிக்குப் பெருஞ்சோதனை 1962இல் ஜகார்த்தா நகரில் வந்தது. ஆசிய விளையாட்டுப் பந்தயங்களில் இஸ்ரேலும் தைவானும் விலக்கப்பட்டதை இந்தியப் பிரதிநிதி ஒருவர் கண்டித்தார். அதனால் அந்நகர மக்கள் இந்தியர்மீது சினம் கொண்டிருந்தனர். தங்கராஜோ காய்ச்சலுற்றார், முந்திய ஆட்டங்களில் பிரத்யுத் பர்மன் இலக்கைக் காத்தார். இறுதியாட்டத்திற்குப் பயிற்சியாளர் சையது அப்துல் ரகீம் தங்கராஜையே தேர்ந்தெடுத்தார். எதிரே தென்கொரியா, சுற்றிலும் ஏளனக் கூச்சல். பானர்ஜியும், தலைக்காயத்துடன் ஆடிய ஜர்னெயில் சிங்கும் தலா ஒரு கோல் போட்டனர். கொரியர் ஒன்றே போட முடிந்தது. இந்தியா 2–1 என வென்று தங்கப் பதக்கம் பெற்றது. அவ்விரு கோல்களும் வெற்றியாய் நிலைத்தமைக்குப் பின்னே நின்று காத்தவர்களும் காரணராவர் அன்றோ?

பின்னர் தங்கராஜ் கல்கத்தாவின் மூன்று பெருங்கழகங்களுக்கும் ஆடினார். 1967இல் அர்ச்சுனா விருது பெற்றார். ஆட்டத்தை விட்டபின் இளைஞர்க்குப் பயிற்சி அளித்தார். 2008 நவம்பர் 24ஆம் நாள் பொகாரோவில் காலமானார்.

மாணவர்களே! ஒரு குழுவில் அனைவரும் முன்னணியில் நிற்க இயலாது. வீட்டிலும் நாட்டிலும் ஆரவாரமின்றிக் காக்கும் பணியைச் செய்வோர் பலர். அவர்தம் உழைப்பு கோல் கணக்கில் ஏறுவதில்லை. ஆனால் அவரின்றி வெற்றி இல்லை. நமக்கு அமைந்த இடம் எதுவாயினும் அதில் விழிப்புடன் நிற்றலே வீரம்.