மலைமேல் சிதைந்த படம்

கேள்வி: ஆடிக் கிருத்திகையன்று மலைமேல் நின்று, சிங்கப்பூரிலுள்ள என் தமக்கைக்கு வீடியோ அழைப்பில் காவடிகளைக் காட்டினேன். குரல் ஓரளவு தெளிவாகவே சென்றது. படமோ கட்டம் கட்டமாய்ச் சிதைந்து, சற்றுநேரம் குழம்பிக் கிடந்து, பின்பு தானே தெளிந்ததாம். அதே காட்சியைப் பதிவுசெய்து மாலையில் அனுப்பினேன். பழுதின்றிப் போய்ச் சேர்ந்தது. ஏன் இந்த வேற்றுமை?
— வாசகர் ஒருவர், திருத்தணி

பதில்: கோபுரமும் படிகளும் ஒரு விநாடிக்குள் மாறிவிடுவதில்லையாதலால், முழுப்படம் ஒன்றை எப்போதாவது அனுப்பிவிட்டு, அடுத்து வருபவற்றில் மாறிய அம்சங்களை மாத்திரமே குறித்தனுப்பும் சிக்கனத்தை, 2003-இல் வகுக்கப்பட்ட எச்.264 முதலிய வீடியோச் சுருக்க முறைகள் கையாளுகின்றன. ஆபத்தும் அந்தச் சிக்கனத்திலேயே இருக்கிறது. மிகையானதையெல்லாம் களைந்தபின் எஞ்சுவதில் அநாவசியமானது ஏதுமில்லை. ஆகவே, ஜனநெருக்கடியில் திணறும் டவரில், பெரும்பாலும் 1,500 பைட்டுக்கு மேற்படாத ஒரு பாக்கெட் (தரவுப் பொதி) தவறினாலும், அதை ஆதாரமாகக் கொண்ட படங்கள் யாவும் அடுத்த முழுப்படம் வரும்வரை அப்பிழையைச் சுமந்தே வரும். தானே தெளிந்தது என்கிறீர்கள்; பெரும்பாலும் தமக்கையாரின் கைப்பேசியே புதிய முழுப்படம் ஒன்றை யாசித்துப் பெற்றிருக்கும். முழுப்படங்களையே அடிக்கடி அனுப்பலாமே என்றால், பாரம் மிகுந்து இழப்பும் மிகும். குரலுக்கோ வேண்டிய தரவு சொற்பம். அதில் நேரும் சிறு இடைவெளிகளைக் கருவி ஊகித்தே நிரப்பிவிடுகிறது.

மாலையில் அனுப்பிய பதிவுக்கு அவசரமில்லை. தவறிய பாக்கெட்டை மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ள அவகாசமுண்டு. அழைப்பில் பேசும்போது அப்படிக் கேட்டு வாங்கியது, அதற்குரிய கணம் கடந்தபின் வந்தால் அதனால் பிரயோஜனமில்லை.

கேளாமலே பிழை திருத்தும் உபாயமும் ஒன்றுண்டு. உங்கள் ஊர் ஆந்திரத்தினின்று பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த அதே 1960-இல், ரீட், சாலமன் என்னும் இரு அமெரிக்கக் கணித அறிஞர்கள் வெளியிட்டது அது. களைந்த மிகையை இம்முறை கணக்கோடு திரும்பச் சேர்ப்பதே அதன் சூட்சுமம். கூரைமேலுள்ள டிஷ் சாட்டிலைட்டிடம் எதையும் திருப்பிக் கேட்க இயலாதாகையால், முதல் தலைமுறை டிஜிட்டல் சாட்டிலைட் ஒளிபரப்பில் 188 பைட்டோடு 16 பைட்டைக் கூட்டி அனுப்பினார்கள். அவற்றுள் 8 பைட்டு வரை கெட்டாலும் பெறும் பெட்டியே செப்பனிட்டுக்கொள்ளும். வீடியோ அழைப்புகளிலும் இவ்வகை ஏற்பாடுகள் உண்டென்றாலும், டவரே திணறும்போது கூடுதல் பைட்டுகளும் கூடுதல் சுமைதான்.

தமக்கையார் காவடியைக் கண்டால் போதுமெனில், அடுத்த ஆடியில் அழைப்பை விடுத்து, சில விநாடி தாமதத்தோடு செல்லும் நேரலையாக, தரத்தையும் ஒரு படி குறைத்து அனுப்புங்கள். மறுபடி கேட்டு வாங்க அந்தத் தாமதமே இடம் கொடுக்கும். பேசிக்கொண்டே காட்டத்தான் வேண்டுமென்றால், கூட்டம் குறைந்த ஓரிடத்துக்கு நகர்ந்து அழையுங்கள்.