பத்து சென்ட் முகம், மூன்று சென்ட் சிலை

கேள்வி: அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த ஒருவரின் படம் எப்போது முதன்முதலாகத் தபால்தலையில் வந்தது?

பதில்: 1940 ஏப்ரல் 7-ஆம் தேதி. படத்தில் இருந்தவர் புக்கர் டி. வாஷிங்டன். அமெரிக்கத் தபால்தலையில் இடம்பிடித்த முதல் கறுப்பினத்தவரும் அவரே. வர்ஜீனியாவில் ஒரு தோட்டத்தில் 1856-இல் அடிமையாகப் பிறந்து, பின்னாளில் அலபாமாவில் டஸ்கீகி கல்விக்கூடத்தை வளர்த்தெடுத்தவர்.

அந்நாட்டு அரசின் முதல் தபால்தலைகள் 1847-இல் வந்தன. ஒன்றில் பெஞ்சமின் பிராங்க்ளின், மற்றதில் ஜார்ஜ் வாஷிங்டன். இருவருமே அடிமைகளை வைத்திருந்தவர்கள். பிராங்க்ளின் மட்டும் முதுமையில் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார். எஜமானர்கள் வந்த இடத்துக்கு அடிமையாகப் பிறந்தவர் வந்து சேர 93 ஆண்டுகள் பிடித்தன.

அதுவும் சும்மா வரவில்லை. அடிமையாகப் பிறந்து, பிலடெல்பியாவில் வங்கி நடத்திய மேஜர் ரிச்சர்ட் ரைட் போன்றவர்கள் விடாமல் கேட்டுப் பெற்றது. கிடைத்ததிலும் ஒரு குறை: விலை 10 சென்ட். அன்று சாதாரணக் கடிதத்துக்கு 3 சென்ட் தலை போதும். அன்றாடக் கடிதங்களில் புக்கரின் முகத்துக்கு வேலையே இல்லை.

அதே ஆண்டு அக்டோபரில், அடிமை முறையை ஒழித்த 13-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் 75-ஆம் ஆண்டு நினைவாக இன்னொரு தலை வந்தது. இதன் விலை 3 சென்ட். படம், தலைநகரில் 1876-இல் திறக்கப்பட்ட சிலை: அதிபர் லிங்கன் கை நீட்டி நிமிர்ந்து நிற்கிறார், விலங்கு அறுந்த கறுப்பின மனிதர் அவர் காலடியில் மண்டியிட்டிருக்கிறார். அந்தச் சிலைக்குப் பணம் தந்தவர்கள் விடுதலை பெற்ற அடிமைகள். தன் உழைப்பில் சேர்த்த 5 டாலரை முதலில் கொடுத்தவர் சார்லட் ஸ்காட் என்ற பெண். ஆனால் சிலை எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. ஆக, நிமிர்ந்த முகத்துக்கு 10 சென்ட். மண்டியிட்ட உருவம் 3 சென்ட்டில் வீடுவீடாகப் போனது.

பிறகு மெல்ல மாறியது. அடிமையாகப் பிறந்த வேளாண் விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1948-இல் 3 சென்ட் தலையிலேயே வந்தார். லிங்கனின் விடுதலைப் பிரகடனத்தின் நூற்றாண்டுக்காக 1963-இல் வந்த தலையை வரைந்தவர் ஜார்ஜ் ஓல்டன். அமெரிக்கத் தபால்தலையை வடிவமைத்த முதல் கறுப்பினத்தவர் அவர். அவர் யாரையும் மண்டியிட வைக்கவில்லை. அறுந்த சங்கிலியை மட்டும் வரைந்தார்.

1978-இல் ஹாரியட் டப்மன் வந்தார். அடிமைத்தனத்திலிருந்து தானே தப்பியோடி வந்தவர். அடிமை முறை இருந்த மேரிலாந்துக்குள் திரும்பத் திரும்பப் போய்ச் சுமார் 70 பேரை மீட்டவர். விலை 13 சென்ட், அன்றைய சாதாரணக் கடிதக் கட்டணம்.

தபால்தலை சேகரிப்பவர்கள் படத்தோடு விலையையும் பார்த்து வையுங்கள். அந்த முகம் எத்தனை வீட்டு வாசலுக்குப் போயிருக்கும் என்று சொல்வது அந்த எண்தான்.