ஆறாவது விரல் எப்படி வந்தது?

என் இடது கையில் கட்டைவிரல் இரண்டு. அதனால் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, உங்களுக்கே தெரியும். அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால், "உங்க அம்மா கிரகணத்தன்னிக்கு வெளியே வந்திருப்பாங்க" என்று சிலர் சொல்லும்போது அம்மா பேசாமல் உள்ளே போயிடுவாங்க. அதனால்தான் இந்தக் கட்டுரை.

மேஸ்திரி ஜீன்கள்

நாம் எல்லோரும் ஒரே ஒரு செல்லிலிருந்து வளர்ந்தவர்கள். தலை எங்கே, நெஞ்சு எங்கே, கால் எங்கே என்று கருவுக்கு யார் சொன்னது? வீடு கட்டும்போது மேஸ்திரி, "இது வாசல், இது சமையல்கட்டு" என்று இடம் குறித்து ஆட்களை வேலை வாங்குவார் அல்லவா? கருவில் அந்த மேஸ்திரி வேலையை ஹாக்ஸ் ஜீன்கள் செய்கின்றன.

வாழைப்பழத்தை மொய்க்கும் சின்னப் பழ ஈக்கு இவை 8. அதில் ஒன்று தவறான இடத்தில் வேலை செய்தால், உணர்கொம்பு இருக்கவேண்டிய இடத்தில் கால் முளைக்கும்! இன்னொன்று கெட்டுப்போனால் 2 இறக்கைக்குப் பதில் 4. இவற்றைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த எட்வர்ட் லூயிஸ், வேறு இருவருடன் சேர்ந்து 1995-இல் நோபல் பரிசு பெற்றார்.

நமக்கு ஹாக்ஸ் ஜீன்கள் 39. பிரேயரில் நாம் உயர வரிசையில் நிற்பது போல, இவையும் தலையிலிருந்து கீழ்நோக்கிய வரிசையில் குரோமோசோமில் நிற்கின்றன.

கை உருவாகும் கதை

கருவின் 4-ஆவது வார வாக்கில் கை ஒரு சின்ன மொட்டு. அதில் சுண்டுவிரல் பக்கம் மட்டும் 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்' என்ற ஜீன் வேலை செய்யும். (வீடியோ கேம் பெயரேதான்!) அது தரும் புரதம் எட்டாத ஓரத்தில்தான் கட்டைவிரல் வரும்.

இந்த ஜீனின் ஸ்விட்ச் சுமார் 10 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள் தள்ளி இருக்கிறது. அந்த ஸ்விட்சில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும், கட்டைவிரல் பக்கமும் ஜீன் வேலை செய்து கூடுதல் விரல் வரலாம். இது 2003-இல் தெரியவந்தது. கூடுதல் விரலுக்கு வேறு ஜீன் மாற்றங்களும் காரணமாகலாம். ஆனால் அந்தப் பட்டியலில் கிரகணம் இல்லை.

8-ஆவது வார முடிவுக்குள் விரல்கள் பிரிந்துவிடும். அப்போது கருவின் நீளம் சுமார் 3 செ.மீ.தான்.

இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அப்போ நான் ஒண்ணும் தப்பு பண்ணலையாடா?" என்று கேட்டாங்க. "இல்லம்மா" என்றேன்.

இனி யாராவது கிரகணம் என்று சொன்னால், இந்தச் சுவரைக் காட்டுங்கள்.

— 10-ஆம் வகுப்பு மாணவன்